சர்வீஸில் வந்த நோயா, தானாக வந்ததா?

ஓமலூரிலிருந்து ஒரு முன்னாள் ஹவில்தார்: 22 வருட சர்வீஸ் முடித்து 2019-இல் வந்தேன். பிபிக்கு 30 சதவீத டிசபிலிட்டி (உடல் குறைபாடு) என்று போட்டார்கள். ஆனால் பீஸ் ஸ்டேஷனில் (எல்லையில் இல்லாத அமைதியான முகாமில்) வந்த நோய், சர்வீஸுக்குச் சம்பந்தமில்லை என்று டிசபிலிட்டி பென்ஷனை மறுத்துவிட்டார்கள். சம்பந்தத்தை எப்படி நிரூபிப்பது?

முழுப் பாரமும் உங்கள் தலையில் இல்லை. பட்டாளத்தில் சேர்ந்த அன்று எடுத்த மருத்துவப் பரிசோதனையில் பிபி பற்றிக் குறிப்பு இருக்கிறதா? இல்லையென்றால், அது சர்வீஸில் வந்ததாகவே கொள்ள வேண்டும். மறுப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ‘உடல்வாகு’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் அது காரணம் ஆகாது.

அதனால் ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அதாவது பட்டாளத்திலிருந்து வெளியே வரும்போது மருத்துவக் குழு எழுதிய அறிக்கையின் நகலை ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. நோய் முதலில் தெரிந்த தேதியையும் அதற்கு முந்தைய போஸ்டிங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லடாக்கில் இரண்டு குளிர்காலம் கழித்தவருக்குப் பூனாவில் பிபி தெரிந்தால், அது பூனாவில் முளைத்தது என்று யார் சொல்வது? ஆனால் போர்டு உங்கள் எடையையும் சிகரெட்டையும் எழுதியிருந்தால் வழக்கு கொஞ்சம் இளைக்கும். அதை மறைக்காமல் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். 2023 செப்டம்பருக்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புது விதிகள். அவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆத்தூர் வாசகர்: முழு சர்வீஸ் முடித்தேன். எனக்கு 15 சதவீதம். அதை 50 ஆக்குவார்களாமே?

ஆக்க மாட்டார்கள். 20-க்குக் குறைந்தால் டிசபிலிட்டி பென்ஷனே கிடையாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 50 ஆவதெல்லாம் ஓமலூர்க்காரரின் 30 போன்றவைதான்.

ஏற்காட்டிலிருந்து ஒரு மகள்: அப்பா 1998-இல் வந்தவர். இப்போது கேட்டால் காலம் கடந்துவிட்டது என்பார்களா?

பென்ஷன் மாதாமாதம் தர வேண்டியது, அதனால் உரிமை செத்துப்போகாது. ஆனால் பழைய பாக்கி, மனுப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் பொதுவாகக் கிடைக்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துக்கொண்டு சேலத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே முடியாவிட்டால் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு.

சூரமங்கலம் வாசகர்: லீவில் வந்திருந்தபோது ஏற்காடு மலைப்பாதையில் பைக் விபத்து. கால் போய்விட்டது. டிசபிலிட்டி பென்ஷன் கிடைக்குமா?

வருத்தமாக இருக்கிறது. ஆனால் லீவில் சொந்த வேலையாகப் போனபோது அடிபட்டால் சர்வீஸோடு சம்பந்தம் காட்டுவது கடினம். 2011-இல் இப்படி ஒரு வழக்கு தோற்றிருக்கிறது. யூனிட்டுக்குத் திரும்பும் வழியில் நடந்தது என்றால் கதை வேறு. அன்று எங்கே கிளம்பினீர்கள் என்று எழுதுங்கள்.