அமைச்சர் நழுவாதபடி கேட்பது எப்படி? ஸ்காட்லாந்தின் எழுத்துமூலக் கேள்விகள்: வாசகர் வினாக்களுக்குப் பதில்கள்

எடின்பரோவின் ஹோலிரூட் பகுதியில் இயங்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் 129 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 1999-இல் லண்டன் அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுத்ததிலிருந்து மருத்துவம், பள்ளிக்கூடம், காவல்துறை, படகுப் போக்குவரத்து எல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன. 2021-இல் தொடங்கிய ஆறாவது நாடாளுமன்றத்தில் மட்டும் உறுப்பினர்கள் அமைச்சர்களுக்கு அனுப்பிய எழுத்துமூலக் கேள்விகள் 30,000-ஐத் தாண்டின. அவற்றில் கணிசமானவை வெறுங்கையோடு திரும்பியவை. பெரும்பாலும் குறை கேள்வியின் சொல்லமைப்பில்தான் இருக்கும். இம்முறை வந்த வினாக்களில் பலவும் அதைச் சுற்றியே இருப்பதால் அங்கே கொஞ்சம் நின்று பேசுவோம்.

முதல் அமைச்சரிடம் வியாழக்கிழமை நேரடியாகக் கேட்கிறார்களே. எழுத்தில் கேட்பதில் கூடுதலாக என்ன கிடைக்கும்?

எண்ணும் தேதியும் கிடைக்கும். வியாழன் நண்பகல் நடப்பது முக்கால் மணி நேர வாய்ச்சண்டை. அதில் "இதற்கு முன்பிருந்த ஆட்சி என்ன செய்தது?" என்று திருப்பிக் கேட்டே ஓர் அமைச்சர் தப்பிவிடலாம். எழுத்தில் வரும் பதிலைத் துறை அதிகாரிகள் கோப்பைப் பார்த்துத் தயாரிக்கிறார்கள், அமைச்சர் ஒப்புதல் தருகிறார். பிறகு அது ஒரு வரிசை எண்ணோடு (ஆறாவது நாடாளுமன்றத்தில் அது எஸ்6டபிள்யூ என்று தொடங்கியது) நாடாளுமன்ற இணையதளத்தில் நிரந்தரமாக இருக்கும். இந்திய நாடாளுமன்றத்தின் நட்சத்திரக் குறியில்லாத கேள்வியோடு இதை ஒப்பிடலாம். அங்கே போலவே இங்கும் உடனடித் துணைக்கேள்வி கிடையாது. ஆகவே பழகிய உறுப்பினர்கள் ஒற்றைக் கேள்வியாக அனுப்பமாட்டார்கள். நாலைந்தைச் சங்கிலியாக எழுதி, முதல் பதிலைப் பார்த்துவிட்டு அடுத்தடுத்ததைத் திருத்தி அனுப்புவார்கள்.

பதில் எத்தனை நாளில் வரவேண்டும்? வராவிட்டால்?

வழக்கமாகப் பத்து நாள். நாடாளுமன்றச் செயலகம் திறந்திருக்கும் நாட்கள் மட்டுமே கணக்கு. விடுமுறைக் காலத்தில் அது இருபது நாளாகும். அதற்குள் முடியாவிட்டால் "இயன்ற விரைவில் பதிலளிப்போம்" என்றொரு இடைக்காலப் பதில் வரும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இடைக்காலப் பதில் வந்ததும் விஷயம் முடிந்ததாகக் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். இடைக்காலப் பதிலுக்குப் பின் கறாரான கெடு கிடையாது, தண்டனையும் கிடையாது.

எளிய தீர்வு: அனுப்பிய தேதி, கெடு, இடைக்காலப் பதில் வந்த தேதி, முழுப் பதில் வந்த தேதி என நான்கு கட்டங்களுள்ள ஒரு பட்டியல். இழுத்தடித்தால், "இன்ன எண்ணுள்ள கேள்விக்கு எப்போது பதில் தரப்படும்?" என்பதையே புதுக் கேள்வியாகப் போடலாம். பதில் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் தாமதம் பதிவேறிவிடும். பின்னர் அவையில் பேசும்போது அந்தப் பதிவு உதவும்.

எங்கள் தொகுதி உறுப்பினர் அனுப்பிய கேள்வி ஏற்கப்படவில்லை என்றார். என்ன காரணமாக இருக்கும்?

முதல் சந்தேகம் பொருள் மீது. 1998-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டம் ஐந்தாம் அட்டவணையில் லண்டனுக்கென ஒதுக்கிவைத்த துறைகளைச் சொல்கிறது: குடிவரவு, பாதுகாப்பு, வெளியுறவு, ஒலிபரப்பு போன்றவை. விசா பற்றி ஸ்காட்லாந்து அமைச்சரிடம் கேட்டால் கேள்வி திரும்பிவிடும். அதற்காகச் சிலர், "இதுகுறித்து ஐக்கிய இராச்சிய அரசுடன் என்ன கலந்துரையாடல் நடந்தது?" என்று சுற்றிக் கேட்கிறார்கள். கேள்வி ஏற்கப்படும், ஆனால் வருவது "தொடர்ந்து பேசி வருகிறோம்" என்ற ஒரு வரிதான். மாறாக, "முதியோர் பராமரிப்பு இல்லங்களில் காலியாக உள்ள பணியிடங்கள் குறித்து அரசிடம் உள்ள மதிப்பீடு என்ன? கடைசியாக எந்தத் தேதியில் செய்யப்பட்டது?" என்று கேளுங்கள். பராமரிப்புத் துறை ஸ்காட்லாந்து அரசின் பொறுப்பு. ஆகவே அமைச்சர் ஒதுங்க முடியாது.

இரண்டாவது காரணம் கருத்து கலந்த சொற்கள். கேள்வி சுருக்கமாக, குறிப்பான விஷயத்தைப் பற்றியதாக, எந்தக் கருத்தையும் சொல்லாததாக இருக்கவேண்டும் என்பது விதி. "வெட்கக்கேடான தாமதத்துக்கு" என்று தொடங்கினால் அலுவலர்கள் திருப்பி அனுப்புவார்கள். நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கைத் தொட்டாலும் இதே கதி. கடந்த ஆறு மாதத்தில் பதில் வந்த கேள்வியை அதே சொற்களில் மறுபடி கேட்டாலும் ஏற்கமாட்டார்கள். ஆகையால் எழுதுமுன் இணையதளத்தில் தேடிப் பார்ப்பது நல்லது. சர்ச்சை நீடித்தால் அவைத் தலைவர் முடிவே இறுதி. ஆனால் பெரும்பாலும் அலுவலர்களே திருத்தம் சொல்லித் தருவார்கள். அவர்களோடு மல்லுக்கட்டுவது வீண்.

"இந்தத் தகவல் மையமாகத் திரட்டப்படவில்லை" என்று அடிக்கடி பதில் வருகிறதே, அது பொய்யா?

பெரும்பாலும் பொய்யில்லை. ஸ்காட்லாந்தில் 14 வட்டாரச் சுகாதார வாரியங்களும் 32 உள்ளாட்சி மன்றங்களும் தனித்தனியே கணக்கு வைத்திருக்கின்றன. அமைச்சரகத்துக்கு வருவது அவற்றில் ஒரு பகுதி. "எத்தனை அறுவைச் சிகிச்சைகள் மருத்துவர் இல்லாததால் தள்ளிப்போயின?" என்று கேட்டால், காரணவாரியாக அந்த எண் மேலே போவதில்லை என்ற பதில் வரும்.

அங்கேயே நின்றுவிடாமல் கேள்வியின் முகத்தை மாற்றவேண்டும். "அப்படியானால், குறிப்பிட்ட வாக்குறுதி நிறைவேறுகிறதா என்பதை அரசு எந்தத் தரவைக் கொண்டு கண்காணிக்கிறது?" என்று அடுத்த கேள்வி. தரவு இல்லை என்றால் வாக்குறுதியைக் கண்காணிக்கவில்லை என்று பொருள், தரவு இருக்கிறது என்றால் முதல் பதில் ஆட்டம் காணும். இரண்டில் எது வந்தாலும் உறுப்பினருக்கு லாபம்.

கூடவே, சம்பந்தப்பட்ட வாரியங்களிடம் தகவலுரிமைச் சட்டப்படி அதே எண்ணை நேரடியாகக் கேட்டு வாங்கலாம். பதினான்கில் பத்து வாரியங்கள் கொடுத்துவிட்டால், "இந்தப் பத்து வாரியங்கள் வெளியிட்டதை அரசு அறிந்திருக்கிறதா?" என்று மீண்டும் நாடாளுமன்றத்துக்கே வரலாம். உழைப்பு அதிகம். ஆனால் பெரிய அம்பலங்கள் பலவும் இப்படிக் கீழிருந்து தோண்டி எடுக்கப்பட்டவை.

பதில் எண்ணோடு வந்தது. ஆனால் பத்திரிகையில் வந்த எண்ணோடு பொருந்தவில்லை. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம், அளந்தது வேறாக இருக்கும். குழந்தைகள், பதின்பருவத்தினருக்கான மனநல சேவையை எடுத்துக்கொள்வோம். பரிந்துரைத்த நாளிலிருந்து 18 வாரத்துக்குள் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது இலக்கு. இந்தச் சதவீதம் அந்தக் காலாண்டில் சிகிச்சை *தொடங்கியவர்களை* மட்டும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. இன்னமும் வரிசையில் நிற்கும் பிள்ளை ஒரு வருடமாகக் காத்திருந்தாலும் அதில் வராது. எனவே "இலக்கு எட்டப்பட்டதா?" என்று மட்டும் கேட்டால் அரசுக்குச் சாதகமான எண் மட்டுமே கையில் கிடைக்கும். "மாத இறுதியில் காத்திருப்போர் எத்தனை பேர், அவர்களில் 18, 36, 52 வாரம் தாண்டியோர் எத்தனை?" என்று சேர்த்துக் கேட்கவேண்டும்.

மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான 12 வார உத்தரவாதமும் இதேபோல. 2011-ஆம் ஆண்டின் நோயாளர் உரிமைச் சட்டம் தருகிற அந்த 12 வாரம், சிகிச்சைக்கு நோயாளியும் மருத்துவரும் ஒப்புக்கொண்ட நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். அதற்கு முன் நிபுணரைப் பார்க்கக் காத்திருந்த மாதங்கள் கணக்கில் சேராது.

இன்னும் சில சின்னப் பொறிகள் உண்டு. "ஆண்டு" என்றால் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டா, ஜனவரியா என்று சொல்லாவிட்டால் எது தோதோ அது வரும். "நோயாளிகள்" என்று கேட்டால் ஆட்கணக்கு, "அனுமதிகள்" என்றால் ஒரே ஆள் மூன்று முறை எண்ணப்படுவார். "செலவு" என்று கேட்டால் ஒதுக்கிய தொகையைச் சொல்லி முடிப்பார்கள். ஒதுக்கியது, உண்மையில் செலவானது என இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஆளுங்கட்சி உறுப்பினர்களே கேள்வி கேட்டு, அன்றே பதிலும் வந்துவிடுகிறது. எப்படி?

அவை அரசே ஏற்பாடு செய்யும் கேள்விகள். ஓர் அறிவிப்பை வெளியிட ஒரு வழி வேண்டும், அதற்கு ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினர் ஒருவர் பெயரில் கேள்வி போடப்படும். ஒளிவுமறைவு ஏதுமில்லை, அது அரசு தொடங்கிவைத்த கேள்வி என்ற குறிப்போடுதான் பதிவாகும். ஆனால் ஜூன் இறுதியில், கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி ஓரிரு நாட்களில் இந்தக் குறிப்போடு வருபவற்றை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். அவையில் அறிக்கையாக வாசித்தால் எதிர்க்கட்சிகள் குறுக்குக் கேள்வி கேட்கும். சங்கடமான செய்திக்கு இந்த வழி வசதி.

அமைச்சர் தவறான பதில் தந்தால் என்ன செய்யலாம்?

பதிலின் தரம் பற்றி அவைத் தலைவர் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒழுங்குப் பிரச்சினை எழுப்பி நேரத்தை வீணடிக்கவேண்டாம். தவறு தெரியவந்தால் அமைச்சர்தான் விரைவில் திருத்தவேண்டும். தெரிந்தே நாடாளுமன்றத்தைத் திசைதிருப்பியவர் பதவி விலகல் கடிதம் தருவார் என எதிர்பார்ப்பதாக அமைச்சர்களுக்கான நடத்தை நெறி சொல்கிறது. "தெரிந்தே" என்பதை நிறுவுவதுதான் கடினம். அதனால் கருத்தைக் கேட்காமல் ஆவணத்தைக் கேட்பவர்களே ஜெயிக்கிறார்கள்.

போர்ட் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட இரண்டு படகுக் கப்பல்கள் நல்ல உதாரணம். 2015-இல் 9.7 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம். முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் உத்தரவாதம் இல்லாமலே கையெழுத்தானது. முதல் கப்பலான கிளென் சானக்ஸ் 2025 ஜனவரியில்தான் பயணிகளை ஏற்றியது. உத்தரவாதமில்லாத அந்த அபாயத்தை அமைச்சர்கள் ஏன் ஏற்றார்கள் என்பதற்குப் போதிய ஆவணச் சான்று இல்லை என்று 2022 மார்ச்சில் தணிக்கை அறிக்கை சொன்னது. கேள்விகள் ஓயவில்லை. மே மாதம் அரசு தேடி எடுத்து வெளியிட்ட மின்னஞ்சலில் அமைச்சரின் ஒப்புதல் இருந்தது. இப்படிப்பட்ட விவகாரத்தில் "ஏன்?" என்று கேட்டால் விளக்கவுரை வரும். "யார், எந்தத் தேதியில் ஒப்புதல் தந்தார், அது எந்த ஆவணத்தில் பதிவாகியுள்ளது?" என்று கேட்டால் ஒன்று ஆவணம் வரும், இல்லையேல் ஆவணம் இல்லை என்ற ஒப்புதல் வரும்.

தகவலுரிமை மனு போட்டால் போதாதா?

சில விஷயங்களில் அதுவே மேல். ஸ்காட்லாந்தின் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 வேலை நாளில் பதில் வரவேண்டும். மறுத்தால் மறுபரிசீலனை, அதன்பின் தகவல் ஆணையர். அவர் உத்தரவுக்குச் சட்ட பலம் உண்டு, நாடாளுமன்றக் கேள்விக்கு அந்தப் பல் இல்லை. ஆனால் 600 பவுண்டுக்கு மேல் செலவாகும் என்றால் மறுக்கலாம். ஊழியர் நேரம் மணிக்கு அதிகபட்சம் 15 பவுண்டாகக் கணக்கிடப்படுவதால் அது சுமார் 40 மணி நேர வேலை. மேலும் மனுவில் ஏற்கெனவே உள்ள பதிவைத்தான் கேட்க முடியும், "என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்க முடியாது. கொள்கைக்குக் கேள்வி, காகிதத்துக்கு மனு.

வட அயர்லாந்திலும் இதே முறைதானா?

தோற்றம் ஒன்று, சங்கடம் வேறு. வட அயர்லாந்துச் சட்டமன்றம் இயங்கும் ஸ்டோர்மாண்டில் 90 உறுப்பினர்கள். ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து கேள்வி போடலாம், அதில் ஒன்றை முன்னுரிமைக் கேள்வியாக்கலாம். சாதாரணக் கேள்விக்குப் பத்து வேலை நாள், முன்னுரிமைக்கு ஐந்து. ஆனால் அங்கே ஒன்பது துறைகளும் வெவ்வேறு கட்சிகளின் கையில் இருக்கின்றன. சுகாதார அமைச்சர் நிதியமைச்சருக்காகப் பேசமாட்டார். இரு துறைகளைத் தொடும் விஷயத்தை இரண்டு கேள்விகளாக உடைத்து அனுப்பவேண்டும். முதல் அமைச்சரும் துணை முதல் அமைச்சரும் சேர்ந்து நடத்தும் அலுவலகத்துக்குப் போகும் கேள்விக்கு இருவரும் இசையவேண்டும், அதனால் தாமதத்துக்குப் பேர்போனது அது. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்சிகளின் கூட்டணி அரசு முறிந்தால் கேட்க ஆளே இல்லை. 2017 ஜனவரி முதல் 2020 ஜனவரி வரை அப்படித்தான் ஆனது. 2022 அக்டோபர் முதல் 2024 பிப்ரவரி வரையும் துறைகளை அதிகாரிகளே ஓட்டினார்கள்.

இலங்கையின் மாகாண சபைகளில் இதைச் செய்ய முடியாதா?

உறுப்பினர் இருந்தால்தானே கேள்வி. வட மாகாண சபை 2013-இல் தெரிவாகி 2018 அக்டோபரில் கலைந்தது. அதன்பின் மாகாணத் தேர்தல் தள்ளிக்கொண்டே போக, ஆளுநர் வழியாக நிர்வாகம் நடந்தது. அப்படிப்பட்ட காலத்தில் கையிலிருப்பது 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மாகாணத் திணைக்களங்களும் அதன் கீழ் வருகின்றன, முடிவை அறிவிக்க 14 வேலை நாள்.

கிளாஸ்கோவில் வசிக்கிறேன். என் பிரச்சினையை ஓர் உறுப்பினர் மூலம் கேள்வியாக்க என்ன அனுப்பவேண்டும்?

உங்களுக்கு எட்டு உறுப்பினர்கள் உண்டு: தொகுதிக்கு ஒருவர், வட்டாரத்துக்கு ஏழு பேர். எட்டுப் பேருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினால் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று எட்டுப் பேரும் விட்டுவிடுவார்கள். அந்தத் துறையைக் கவனிக்கும் குழுவில் இருப்பவர், அல்லது முன்பே இதுபற்றிக் கேட்டவர் யார் என்று இணையதளத்தில் பார்த்து ஒருவருக்கு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். என்ன நடந்தது, எந்த அமைப்பிடம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, நீங்கள் அறிய விரும்பும் ஒரே ஒரு தகவல் எது என்பதைத் தேதிகளோடு எழுதுங்கள். கேள்வியையே நீங்கள் எழுதி இணைத்தால் உதவியாளருக்கு வேலை மிச்சம், அது அவைக்குப் போகும் வாய்ப்பும் கூடும். உங்கள் மருத்துவ விவரம், வழக்கு எண் ஆகியவற்றைக் கேள்வி வாசகத்தில் வைக்கவேண்டாம், அது பொதுவில் வெளியாகும். தனிப்பட்ட வழக்கானால் உறுப்பினர் அமைச்சருக்கு எழுதும் கடிதமே பொருத்தம்.