வீரோ செல்லில் ஆட்டுக்கொல்லி வைரஸ் வளரவில்லையா?

வேதாரண்யம் ஆடுகளில் எடுத்த ஆட்டுக்கொல்லி நோய் ஸ்வாபை (பஞ்சுக்குச்சியில் எடுத்த மாதிரியை) ஆய்வகத்தில் வளர்க்கும் வீரோ செல்லில் போட்டு ஐந்து நாளாகியும் மாற்றமே இல்லை என்கிறீர்கள். சரி, பிளாஸ்கைக் கொட்டிவிடாதீர்கள். முதல் சுற்றில் இந்த வைரஸ் பெரும்பாலும் முகம் காட்டாது. இரண்டு மூன்று முறை புதுச் செல்லுக்கு மாற்றிய பிறகுதான் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்களோடு பெரிய திட்டாகத் தெரியும். வீரோ என்பது குரங்குச் சிறுநீரகச் செல். வைரஸ் பற்றிக்கொண்டு நுழைய வேண்டிய ஸ்லாம் புரதம் அதில் இல்லை. நாயின் ஸ்லாம் சேர்த்த வீரோ கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்புறம், ஸ்வாப் ஐஸில்தான் வந்ததா? சித்திரை வெயிலில் பஸ்ஸில் கொண்டுவந்த ஒரு பெட்டியை முன்பு திறந்தேன், உள்ளே வெதுவெதுப்பான தண்ணீர்தான்; அந்தச் சூட்டில் வைரஸ் தாங்காது. மிச்ச மாதிரியில் முதலில் ஆர்டி-பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) பாருங்கள். வைரஸ் இல்லையென்றால், காய்ச்சலோடு இருக்கும் ஆட்டிடம் கண், மூக்கு ஸ்வாப் புதிதாக எடுங்கள்.