குட்டி கார் மீனுக்கு இரண்டடித் தொட்டி போதுமா?

கேள்வி: பல்லடத்தில் இருக்கிறோம். மகன் கோவையில் ஒரு கடையிலிருந்து ஐந்து அங்குல அலிகேட்டர் கார் மீன் வாங்கி வந்து, வீட்டில் கிடந்த இரண்டடித் தொட்டியில் விட்டிருக்கிறான். மூன்று நாளாகப் பெல்லட் தீனியைத் தொடவே இல்லை. அடிக்கடி மேலே வந்து வாயைத் திறக்கிறது. எங்களுக்கு போர் தண்ணீர்தான், உப்பு கூடுதல். ஹீட்டர் வைக்க வேண்டுமா? வளர்ந்துவிட்டால் "தோட்டத்துக் கெணத்துல உட்டுக்கலாமுங்க" என்கிறார் என் மச்சான். உங்கள் ஆலோசனை என்ன?

பதில்: மேலே வந்து வாய் திறப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கார் (gar) என்பது முதலை போன்ற வாய் கொண்ட வெளிநாட்டு மீன். அதற்குச் செவுளும் உண்டு, நேரடியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அதன் காற்றுப்பை முழுக்க ரத்தக் குழாய்கள் ஓடுவதால் அது நுரையீரல் போலவே வேலை செய்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக, தண்ணீரில் பிராணவாயு குறையக் குறைய, மேலே வருவதும் அதிகமாகும். அதனால் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிக் கண்ணாடி போட்டு மூடிவிடாதீர்கள். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் நான்கு அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும். மூடி இல்லாமலும் விடக் கூடாது. இரவில் யாராவது பளிச்சென்று விளக்கைப் போட்டால் இது துள்ளும். மூடி மேல் ஒரு கனமான பொருள் இருப்பது நல்லது.

இந்தக் காற்று குடிக்கும் வசதியில் வளர்ப்பவருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் கெட்டுப்போனால் மற்ற மீன்கள் மூச்சுத் திணறிக் காட்டிக் கொடுத்துவிடும். கார் மீன் காட்டாது. கெட்ட தண்ணீரிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அதற்குள் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா செவுளையும் துடுப்பு ஓரங்களையும் அரித்திருக்கும். "நன்றாகத்தான் இருக்கிறது" என்று கண்ணால் பார்த்துச் சொல்வதை நான் நம்புவதில்லை. மீன் கடைகளில் கிடைக்கும் அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறையாவது பாருங்கள். புதிய ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா பிடிக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். மின்வாரியப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்கக் கரண்ட் இல்லாவிட்டால் மீன் தாங்கிவிடும், ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா தாங்காது. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

அடுத்து, அது எந்த கார் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அலிகேட்டர் கார் குட்டிக்கு மூக்கு குட்டையாக, அகலமாக இருக்கும். முதுகின் நடுவில் வெளிறிய கோடு ஒன்று மூக்கு நுனியிலிருந்து பின்னால் ஓடும். மூக்கு ஒல்லியாக நீண்டு, தலையிலும் உடம்பிலும் வட்டப் புள்ளிகள் இருந்தால் அது ஸ்பாட்டட் கார் அல்லது ஃபுளோரிடா கார். அந்த இரண்டும் பொதுவாக இரண்டு, மூன்று அடியோடு நிற்கும். பெரிய தொட்டி போட முடிந்தவர் ஆயுள் முழுக்க வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அலிகேட்டர் கார் கதை வேறு. நன்றாகத் தின்றால் முதல் ஆண்டிலேயே ஒன்றரை, இரண்டு அடி வந்துவிடும். 2011-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு மீனவர் வலையில் சிக்கியது எட்டரை அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, எடை 148 கிலோ. உங்கள் தொட்டி மீன் அவ்வளவு வளராது. ஆனால் நான்கு அடியாகிவிட்டால் எந்தக் கண்ணாடித் தொட்டியும் அதற்குச் சிறைதான்.

தொட்டி சின்னதாக இருந்தால் மீனும் சின்னதாகவே நின்றுவிடும் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். அது வளர்ச்சி அல்ல, கோணல். கார் மீனின் உடம்பு முழுக்கக் கெட்டியான செதில் கவசம். அயிரை, குரவை போல வளைந்து நெளிந்து திரும்ப அதற்கு வராது. ஒடுக்கமான தொட்டியில் திரும்பும்போதெல்லாம் மூக்கு கண்ணாடியில் இடிபடும், முதுகெலும்பு வளையும். அதனால் நீளத்தைவிட அகலத்தைப் பாருங்கள். மீனின் நீளத்துக்குக் குறையாத அகலம் வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. இப்போதைக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் போதும். ஆறேழு மாதம், மிஞ்சிப் போனால் ஒரு வருடம் ஓடும். அதில் ஏறக்குறைய 450 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் அரை டன்னைத் தாண்டும். தரைத் தளத்தில், சுவரை ஒட்டி வையுங்கள். அடியில் கூழாங்கல் வேண்டாம். மெல்லிய ஆற்று மணல் போடலாம், வெறும் தரையாகவும் விடலாம். மேலே கொஞ்சம் மிதக்கும் செடி இருந்தால் குட்டி அதன் நிழலில் குச்சி மாதிரி அசையாமல் நிற்கும். அதுதான் அதன் இயல்பு, சோர்வு என்று நினைக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அலிகேட்டர் கார் ஓரளவு உப்பேறிய முகத்துவாரத் தண்ணீரிலும் திரிகிற மீன். உங்கள் போர் தண்ணீர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கடைத் தொட்டியில் சிறுவாணி மாதிரி மென்மையான தண்ணீர் இருந்து, நேராக உங்கள் கடினத் தண்ணீருக்கு மாறியிருந்தால் அந்தத் திடீர் மாற்றத்தால் இரண்டு மூன்று நாள் சுணங்கியிருக்கலாம். பிளீச்சிங் பவுடர் கலந்த குடிநீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும். போர் தண்ணீருக்கு அது தேவையில்லை; ஒரு ராத்திரி டிரம்மில் பிடித்து ஏர் விட்டால் சரி. சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும், அதை மதியத்தில் திறந்து ஊற்றிவிடாதீர்கள். ஹீட்டர் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஊரில் மார்கழி ராத்திரியும் இதற்கு ஒன்றும் செய்யாது. தீனி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

மூன்று நாள் சாப்பிடாதது பெரிய விஷயமில்லை. குட்டி கார் அசைவதைத்தான் இரை என்று நினைக்கும். பெல்லட் அதற்கு வெறும் குப்பை. முதலில் வீட்டிலேயே வளர்த்த கப்பிக் குஞ்சுகளை நாலைந்து விடுங்கள். கடையில் தீனிக்கென்று விற்கும் தங்க மீன் வேண்டாம். நோய் வரும், அதோடு கெண்டைக் குடும்பத்து மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது. குட்டி தின்னத் தொடங்கியதும் ஜிலேபி மீனின் சதையை, முள் எடுத்து, தீக்குச்சி அளவுக்கு நறுக்கிப் பழக்குங்கள். நீளமான இடுக்கியில் பிடித்து, வாய்க்கு நேர் எதிரில் நீட்டாமல் தாடையின் பக்கவாட்டில் கொண்டுபோய் லேசாக ஆட்ட வேண்டும். கார் மீன் தலையைச் சட்டென்று பக்கவாட்டில் வீசித்தான் கவ்வும். முதல் தடவை குறி தவறும், இரண்டாம் தடவை பிடிக்கும். பிடித்ததும் உடனே விழுங்காது. தாடையிலேயே வைத்து நேராக்கிக்கொள்ளும். அப்போது இடுக்கியை இழுத்தால் பல் போய்விடும். இந்த அளவில் தினம் ஒருவேளை, ஒரு அடியான பிறகு வாரம் மூன்று தடவை. பல்லடத்தில் கோழிக் கழிவு சும்மாவே கிடைக்கும் என்பதற்காக அதைப் போடாதீர்கள். அந்தக் கொழுப்பு ஈரலைக் கெடுத்துவிடும், தண்ணீரும் நாறும்.

துணைக்கு வேறு மீன் வேண்டாம். முக்கியமாக, பாசி தின்னட்டும் என்று டேங்க் கிளீனர் மீனை விடாதீர்கள். அசையாமல் நிற்கும் காரின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் வழவழப்பை உறிஞ்சும்.

இனி கிணறு. மச்சானிடம் கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிடுங்கள். குழந்தைகள் நீச்சல் பழகுகிற கிணறு என்பதற்காக இல்லை. கார் மீன் மனிதரைத் தாக்கியதாக உறுதியான பதிவு கிடையாது. கிணற்றில் விட்டால் இருக்கிற ஜிலேபியைத் தின்று தீர்த்துவிட்டுப் பட்டினி கிடக்கும். திரும்பப் பிடிக்கவும் முடியாது. பண்ணைக்குட்டை, பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால், ஓடை என்றால் இன்னும் மோசம். ஒரு மழையில் குட்டை வழிந்தால் அங்கிருந்து நொய்யலுக்கோ அமராவதிக்கோ போய்ச் சேரும். 1952-இல் வெளியிலிருந்து கொண்டுவந்த ஜிலேபி இன்று நம் ஊரில் எந்தக் குளத்தில்தான் இல்லை? 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அலிகேட்டர் கார் அகப்பட்டது. 2023-இல் காஷ்மீரின் தால் ஏரியிலும் ஒன்று பிடிபட்டது. எல்லாம் யாரோ வளர்த்துக் கைவிட்டவையாகவோ, வளர்த்த இடத்திலிருந்து தப்பியவையாகவோதான் இருக்க வேண்டும். குழம்பு வைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: இதன் சினை நஞ்சு, மனிதருக்கும் ஆகாது.

உங்களிடம் தோட்டம் இருப்பதால் வேறு வழி இருக்கிறது. போர் தண்ணீரைத் தேக்கிவைத்துப் பாய்ச்சுகிற சிமெண்ட் தொட்டி இருக்குமல்லவா? இருபதுக்குப் பத்தடி, நாலடி ஆழம் இருந்தால் மீன் இரண்டடி ஆனதும் அங்கே மாற்றலாம். தினம் தண்ணீர் வந்து போவதால் ஃபில்டர் கவலை பாதி தீரும். மீன் கழிவு கலந்த தண்ணீர் தென்னைக்கும் நல்லது. ஆனால் தொட்டி ஒருபோதும் முழுக்க வற்றக் கூடாது; வெளியேறும் குழாயை அடியிலிருந்து இரண்டடிக்கு மேல் வையுங்கள். வழியும் குழாய்க்குக் கம்பி வலை, தொட்டிக்கு மேலே நிழல் வலை கட்டுங்கள். சொட்டு நீரில் வெஞ்சுரி வழியாக உரம் விடுபவர் என்றால், அந்த உரத் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பாதபடி குழாயில் ஒருவழி வால்வு ஒன்று போட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் வசதிப்படாது என்று தோன்றினால், ஐந்து அங்குலமாக இருக்கும் இப்போதே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்பாட்டட் கார் கிடைக்குமா என்று கேளுங்கள். இரண்டடி ஆன பிறகு திரும்ப வாங்கிக்கொள்ள எந்தக் கடையும் லேசில் சம்மதிக்காது.