மூழ்கும் முன் கேளுங்கள்

ஐயா, புதுச்சேரியில் ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலில் மூழ்கும்) பயிற்சி முடித்துவிட்டேன். நண்பர் தன் பழைய செட்டை ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி), ஜாக்கெட் (மிதப்பைக் கட்டுப்படுத்துவது), மாஸ்க், ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) என்று மொத்தமாக விற்கிறார். வாங்கிவிடலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

அவசரப்படாதீர்கள். முதலில் மாஸ்க் மட்டும் வாங்குங்கள், அதுவும் புதியதாக. நண்பரின் மாஸ்க் நண்பர் முகத்துக்குத்தான். கடையிலேயே வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை எடுத்தபிறகும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுடையது. மீசை உண்டா? அந்த வழியாகத்தான் தண்ணீர் கசியும். எங்கள் தரங்கம்பாடிப் பக்கம் மீசையை எடுக்கச் சொன்னால் ஆளே வரமாட்டார். மூக்கை ஒட்டி நூலளவு மழித்தால் போதும். புதுக் கண்ணாடியின் உட்புறத்தைப் பற்பசையால் தேய்த்துக் கழுவுங்கள், பனிமூட்டம் குறையும்.

ரெகுலேட்டர் கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்பதற்குச் சீட்டு கேளுங்கள். சீட்டு இல்லையென்றால் விலையே பேசாதீர்கள். ஜாக்கெட்டை வாடகைக்கு எடுத்தாலே போதும்.

இருவராக இறங்கினால் எனக்குத்தான் காற்று முதலில் தீர்கிறது. மேலே போகலாம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, வேதாரண்யம்

எதற்குக் கூச்சம்? டைவை யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் முடிக்கலாம். படகில் ஏறியதும் “அதற்குள் ஏன்?” என்று முகம் சுளிப்பவரோடு மறுமுறை இறங்காதீர்கள். சிலிண்டரில் 200 பார் (காற்றழுத்த அளவு) இருந்தால், 100 ஆனதுமே கூட வருபவருக்குக் காட்டிவிடுங்கள். ஏறும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று, மேலே வரும்போது 50 மிச்சம் இருக்கவேண்டும். ஒன்று மட்டும்: மீனைப் பார்த்த குஷியில் ‘சூப்பர்’ என்று கட்டைவிரலைத் தூக்கிவிடாதீர்கள். தண்ணீருக்குள் அதற்கு ‘மேலே போவோம்’ என்று பொருள், கூட்டமே கிளம்பிவிடும்.

நம் கரையோரம் ஆற்று வண்டல். ஐப்பசி மழைக்குப் பிறகு நீட்டிய கையே தெரியாத நாளும் உண்டு. அடியில் ஃபின்ஸால் உதைத்துச் சேற்றைக் கிளப்பினால் பின்னால் வருபவர் குருடர்தான். ஜோடி கண்ணில் படவில்லையா? ஒரு நிமிடம் சுற்றித் தேடிவிட்டு, நிதானமாக மேலே வந்துவிடுங்கள். அவரும் வருவார்.

பூம்புகார் கடலடியைப் பார்க்க ஆசை. முடியுமா?
– வாசகர், சீர்காழி

கோவா தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் 1990-களில் அங்கே கரையிலிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவ அமைப்பு ஒன்றைப் பதிவு செய்தார்கள். முதல்நிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும்தான். மேல்நிலைப் பயிற்சி எடுங்கள். எங்கே இறங்கினாலும், பானை ஓடு கண்ணில் பட்டால் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.