மாணவர் மியூசிக் வீடியோவுக்குப் பார்வையாளர் ஆய்வு: கூகுள் ஃபார்ம் அனுப்பினால் போதுமா?

கேள்வி: மீடியா படிப்பில் மூன்று நிமிடப் பாட்டு ஒன்றுக்கு மியூசிக் வீடியோ எடுக்க வேண்டும். ஷூட்டிங்குக்கு முன்னால் திட்டமிடல், பார்வையாளர் ஆய்வு இரண்டையும் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். நண்பர்களுக்கு ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினால் போதுமா?

போதாது. ஃபார்ம் அனுப்புவதில் தப்பில்லை, அதில் கேட்கிற கேள்விதான் பிரச்சினை. "உங்களுக்கு எப்படிப்பட்ட மியூசிக் வீடியோ பிடிக்கும்? கதையா, நடனமா, இரண்டும் கலந்ததா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் "இரண்டும் கலந்தது" என்று டிக் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். அதை வண்ண வண்ணமாக வரைபடம் போட்டு ரிப்போர்ட்டில் ஒட்டலாம். ஆனால் அதை வைத்து ஒரு ஷாட்டைக்கூட முடிவு செய்ய முடியாது.

மாணவர் குழுக்கள் எடுத்து வரும் வீடியோக்களை எடிட்டிங்கில் உட்கார்ந்து பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. அதை வைத்துச் சொல்கிறேன்: ஆய்வை இரண்டு தடவையாகச் செய்யுங்கள். கதை யோசிப்பதற்கு முன்னால் ஒன்று, ஸ்டோரிபோர்டு (ஒவ்வொரு ஷாட்டையும் வரிசையாக வரைந்து வைப்பது) முடிந்ததும் ஒன்று.

முதல் தடவை வீடியோவைப் பற்றியே பேச வேண்டாம். பாட்டை மட்டும் போட்டுவிட்டுக் கேளுங்கள்: இந்த மாதிரிப் பாட்டை எப்போது கேட்பீர்கள்? தனியாகவா, நாலு பேரோடா? இயர்போனிலா, ஸ்பீக்கரிலா? கடைசியாக முழுசாகப் பார்த்த மியூசிக் வீடியோ எது? பாதியில் தள்ளிவிட்டது எது, எந்த இடத்தில்? "பிடிக்குமா" என்று கேட்டால் உங்கள் மனம் கோணாமல் பதில் சொல்வார்கள். "கடைசியாக என்ன செய்தீர்கள்" என்று கேட்டால் யோசித்து உண்மையைச் சொல்வார்கள்.

ஒரு குழு வேகமான பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, பத்துப் பேர் ஆடும் நடனம் என்று முடிவே செய்துவிட்டது. பாட்டைக் கேட்டவர்களோ இதை ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு, இயர்போனில் கேட்பேன் என்றார்கள். "பீட்டு வேகமா இருக்கு, ஆனா வரிகள்ல யாரோ தனியா நிக்கிறாங்க" என்றார் ஒரு பெண். நடனம் போகவில்லை. பத்துப் பேர் போய் ஒருவர் ஆனார், மேடை போய் ஆளில்லாத ஒரு நீள வராந்தா வந்தது. வீடியோவின் முகமே மாறிவிட்டது. ஆய்வு என்றால் இதுதான்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். கூடப் படிப்பவர்களுக்கு நடிப்பவரையும் தெரியும், உங்களையும் தெரியும், அதனால் அவர்கள் பதில் பாட்டைப் பற்றியதாக இருக்காது. அந்தப் பாட்டு வகையை உண்மையிலேயே கேட்கிறவர்களைத் தேடுங்கள். அவர்கள் நாற்பதைத் தாண்டியவர்கள் என்றால் அவர்களிடம்தான் போக வேண்டும். நேரில் கிடைக்காவிட்டால், அதே வகைப் பாடல்களின் கீழே உள்ள கமெண்டுகளைப் படியுங்கள். "2:14 அப்பா!" என்கிற மாதிரி நேரத்தைக் குறிப்பிட்டு எழுதுவார்கள். அந்த நொடியில் திரையில் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். யூடியூபில் நிறையப் பேர் பார்த்த பல வீடியோக்களில், ஓடும் கோட்டின் மேல் விரலை வைத்தால் மேடு பள்ளமாக ஒரு வரைபடம் தெரியும். மேடு இருக்கிற இடம்தான் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட இடம். காசில்லாமல் கிடைக்கிற தகவல் இது.

அடுத்தது திட்டமிடல். கதை எழுதுவதற்கு முன் பாட்டை அளந்துவிடுங்கள். நிமிடத்துக்கு 120 பீட் உள்ள பாட்டில் ஒரு பீட் அரை நொடி, நாலு பீட் சேர்ந்த ஒரு பார் 2 நொடி. மூன்று நிமிடத்துக்கு 90 பார். பாருக்கு ஒரு ஷாட் என்று வெட்டினால் 90 ஷாட் வேண்டும்! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதுதான் ஒருநாள் ஷூட்டிங் போதுமா என்பது உறைக்கும். பாடகர் வாயசைக்கும் பகுதியை மட்டும் முழுப் பாட்டாக மூன்று கோணங்களில் எடுத்து வைத்துக்கொண்டால், எங்கே ஓட்டை விழுந்தாலும் அடைக்கலாம். ஸ்லோ மோஷனில் வாயசைப்பு வேண்டுமா? நொடிக்கு 25 ஃப்ரேமில் ஓடப்போகிற வீடியோவுக்கு 50 ஃப்ரேமில் எடுத்தால் அசைவு பாதி வேகமாகிவிடும், அதனால் லொகேஷனில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட வேண்டும், பாடகரும் அந்த வேகத்தில் பாடிப் பழகியிருக்க வேண்டும். இதையெல்லாம் ஷாட் லிஸ்ட்டிலேயே குறித்துவிடுங்கள்.

பாட்டுக்கான அனுமதியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பொதுவாக ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கும்: வரிக்கும் மெட்டுக்கும் ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கு ஒன்று. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்பதில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் (படைத்தவரே சில நிபந்தனைகளோடு மற்றவர்கள் பயன்படுத்த விடும் லைசென்ஸ்) பாட்டுதானே என்று எடுப்பவர்களும் லைசென்ஸைப் படிக்க வேண்டும். அதில் 'என்டி' (ND) என்ற எழுத்துகள் இருந்தால், மாற்றியமைத்த வடிவத்தை வெளியிடக் கூடாது என்று அர்த்தம். பாட்டைப் படத்தோடு நேரம் பொருத்தி இணைப்பதும் அந்த லைசென்ஸ் கணக்கில் மாற்றியமைப்பதுதான். நன்றாக வந்த வீடியோவை வெளியே போட முடியாமல் வைத்திருப்பது ரொம்ப வலிக்கும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்டோரிபோர்டு படங்களை ஃபோனில் எடுத்து, பாட்டின் மேல் நேரப்படி அடுக்குங்கள். இதை அனிமேட்டிக் என்பார்கள். குச்சி மனிதர்களாக வரைந்திருந்தாலும் பரவாயில்லை. ஐந்தாறு பேருக்கு, ஒவ்வொருவராகத் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். கூட்டமாக உட்கார வைத்தால், முதலில் பேசுகிறவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். ஓடும்போது நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள், பார்ப்பவரின் முகத்தைப் பாருங்கள். உதாரணமாக, இரண்டாவது சரணம் தொடங்கும் இடத்தில் கண் திரையை விட்டு நகரும், கட்டை விரல் ஃபோனின் ஓரத்துக்குப் போகும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "எப்படி இருக்கு" என்று கேட்க வேண்டாம், "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற கதையும் நீங்கள் யோசித்த கதையும் எங்கே பிரிகிறதோ அங்கே ஒரு ஷாட் குறைகிறது, இல்லை ஒன்று அதிகமாக இருக்கிறது. நடுவில் குறுக்கிட்டு விளக்கம் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு மற்றவர்கள் வீடியோவைப் பார்க்கும்போது விளக்கம் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

அப்புறம் ரிப்போர்ட். ஆய்வில் தெரிந்தது என்ன, அதனால் எது மாறியது என்று இரண்டையும் அருகருகே எழுதுங்கள். பழைய ஸ்டோரிபோர்டைக் கிழித்துப் போடாமல் புதியதன் பக்கத்தில் வையுங்கள். நாலு பேர் சொல்லியும் நீங்கள் மாற்றாத இடங்கள் இருக்கும். ஏன் மாற்றவில்லை என்பதையும் எழுதுங்கள், அதைப் பற்றி வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.