குடும்பப் பாரம்பரியம் பற்றிய ஓவியத் திட்டத்துக்குக் குடும்ப மரம் தவிர வேறு என்ன செய்யலாம்?

பாட்டியின் கோல நோட்டைத் தேடி எடுங்கள். பல வீடுகளில் பழைய டைரியின் பக்கங்களில் கோலங்களும், ஓரத்தில் "15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை" என்ற குறிப்பும் இருக்கும். அதாவது நடுவரிசையில் 15, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8-இல் நிற்கும். அதில் ஒன்றைப் பிள்ளை முதலில் தரையில் போட்டுப் பழகி, அப்புறம் சார்ட்டில் வரையட்டும், பக்கத்திலேயே அதைப் பாட்டி யாரிடம், எந்த ஊரில் கற்றார் என்று எழுதட்டும். விசேஷ நாள் இழைக்கோலம் என்றால் இன்னும் நல்லது: ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவில் நனைத்த துணியைக் கைக்குள் பிடித்து, மோதிர விரல் வழியாக மாவை வழியவிடுவதைக் கட்டம் கட்டமாக வரையலாம், காவி பூசினால் முடிந்தது. இணையத்தில் இறக்கிய டிசைன் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.