பிராய்லர் கோழியும் மீந்துபோன மாத்திரையும்

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. வாரம் இருமுறை பிராய்லர் கோழி சாப்பிடுகிறாள். இப்போதே மார்பு வளரத் தொடங்கிவிட்டது. வாட்ஸ்அப் காணொளிகளில் சொல்வதுபோல், கோழிக்குப் போடும் ஹார்மோன் ஊசிதான் காரணமா? இந்த ஆண்டு மூன்று முறை நீர்க்கடுப்பும் வந்தது. முன்பு வாங்கி மீந்திருந்த ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தேன். இம்முறை அது கேட்கவில்லை.

பதில்: ஆயிரக்கணக்கான கோழிகள் அடைந்து கிடக்கும் கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணையாருக்கும் கட்டுப்படியாகாது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டுக் கோழி இனத்தையும் 2005-ஆம் ஆண்டுக் கோழி இனத்தையும் ஒரே தீவனத்தில் 56 நாள் வளர்த்தபோது, முன்னது சுமார் 900 கிராமும் பின்னது 4.2 கிலோவும் இருந்தன. அந்த வேறுபாடு ஹார்மோனால் அல்ல, வேகமாக வளரும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பெருக்கிய இனத்தேர்வால் வந்தது. மார்பு வளர்ச்சி 8 வயதுக்கு முன் தொடங்கியிருந்தால் பரிசோதிக்கச் சொல்வேன். 10 வயதில் அது இயல்பானது. வாட்ஸ்அப் காணொளிகளை இத்துடன் மூடிவிடுங்கள்.

நீங்கள் கடைசியாக, போகிற போக்கில் எழுதியிருக்கும் வரிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. நெருக்கமாக அடைத்து வளர்க்கும் கோழிகளுக்கு நோய் வராதிருக்கவும் எடை கூடவும் தீவனத்திலும் தண்ணீரிலும் ஆன்டிபயாட்டிக்குகளைக் கலப்பது நெடுங்கால வழக்கம். அந்தச் சிறு அளவுக்குத் தப்பிப் பிழைக்கும் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகி, எச்சம், எரு, பச்சை இறைச்சி வழியாக மனிதரிடம் வந்து சேர்கின்றன. வேறு மருந்து எதுவும் பலிக்காதபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் கடைசியாக எடுக்கும் கோலிஸ்டின்கூடக் கோழித் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது. 2019-இல்தான் இந்திய அரசு அதற்குத் தடை விதித்தது. கோழியின் விலை குறைவாக இருப்பதற்கான மிச்சத் தொகையை இப்படி மருத்துவமனையில் கட்டுகிறோம். ஆனால் பண்ணையில் நடக்கும் அதே தவற்றை, அரைகுறை அளவு மாத்திரையால், நீங்களும் வீட்டில் செய்திருக்கிறீர்கள். மகளின் கிருமிக்கு எதிர்ப்பைக் கற்றுத் தந்தது பண்ணையா, உங்கள் மருந்துப் பெட்டியா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது.

எனவே அடுத்த மாத்திரைக்கு முன் சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனை செய்யுங்கள்; எந்த மருந்து கேட்கும் என்பதை அது காட்டும். மூன்று முறை வந்திருப்பதால் சிறுநீரக ஸ்கேனும் தேவை. குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவிலோ முதுகிலோ வலி, வாந்தி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், கிருமி சிறுநீரகத்தை எட்டியிருக்கக்கூடும் என்பதால், கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கோழியை நிறுத்த வேண்டாம். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். பச்சைக் கறி நறுக்கிய பலகையில் வெங்காயமோ வெள்ளரியோ நறுக்காதீர்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் மாலை வரை சிறுநீரை அடக்குகிறாளா, மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் மகளிடம் கேளுங்கள். இந்த வயதுப் பெண் பிள்ளைகளுக்கு நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருவதற்கு அவை இரண்டும் பெரும்பாலும் காரணமாக இருப்பதைப் பார்க்கிறேன்.